பஞ்சாபுக்கு மூன்று ஆட்டம்: வார ஃபேண்டஸி டீமுக்கு ஒரு ஷீட் செய்த அனுபவம்

ஃபேண்டஸி கிரிக்கெட் என்றால் நிஜ வீரர்களை வைத்து நாமே ஒரு டீம் சேர்ப்பது; நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. இதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு டீம் போடுவது ஒரு வகை. டாஸ் முடிந்ததும் பிளேயிங் லெவன் தெரிந்துவிடும், கடைசி நிமிடத்தில்கூட ஆளை மாற்றலாம். வாரத்துக்கு ஒரே டீம் என்றால் அந்த வசதி கிடையாது. திங்கள் மாலை பூட்டினால் ஞாயிறு இரவு வரை அதே ஆட்கள்தான். யார் ஆடுவார், எங்கே ஆடுவார், எத்தனை ஆட்டம் என்று எல்லாவற்றையும் முன்பே யோசிக்க வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு முறை மண்டையைக் குடைந்துகொண்டால் போதும், மிச்ச நாளில் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கலாம்.

2025 ஐபிஎல் சமயத்தில் நண்பர்களும் சொந்தக்காரர்களுமாகச் சேர்ந்து இப்படி ஒரு லீக் நடத்தினோம். காசு கிடையாது. அந்த ஆகஸ்டில் ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் போட்டிகள் எல்லாம் நின்றுபோயின. எங்களுக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. வாரம் ஜெயித்தவர் வாட்ஸ்அப் குழுவின் படத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுதான் பரிசு. காசு வைத்திருந்தால் எங்கள் வீட்டு ஆட்களே ஒருவரோடு ஒருவர் பேசாமல் போயிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் வேலை புள்ளிக் கணக்கு. ஆப்களில் இருக்கும் நீளமான பட்டியலை அப்படியே எடுத்தால் கையால் ஏற்றி மாளாது. அதனால் சுருக்கினோம். ஒரு ரன்னுக்கு 1, ஃபோருக்குக் கூடுதலாக 1, சிக்ஸருக்குக் கூடுதலாக 2, விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12, நேரடியாக அடித்த ரன் அவுட்டுக்கு 12, இருவர் சேர்ந்து செய்தால் ஆளுக்கு 6. கேப்டனுக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. விக்கெட்டுக்கு ஏன் 25 என்று கேள்வி வந்தது. ஒரு இன்னிங்ஸில் 180 ரன் போல வருகிறது, ஏழு விக்கெட் போல விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 7 × 25 = 175. ஆக பேட்டிங்குக்குப் போகும் புள்ளியும் பவுலிங்குக்குப் போகும் புள்ளியும் கிட்டத்தட்ட சமம். இதை 15 ஆக்கினால் எல்லாரும் ஓப்பனர்களாகவே அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். போல்டு, எல்பிடபிள்யூ என்றால் பவுலருக்கு மேலும் 8. கேட்சில் பவுலருக்கு 25, பிடித்தவருக்கு 8 என மொத்தம் 33 போகிறதே, ஸ்டம்பைப் பெயர்த்தவருக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்? எகானமி (பவுலர் ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தார்), ஸ்ட்ரைக் ரேட் (பேட்ஸ்மேன் நூறு பந்துக்கு எத்தனை ரன் எடுத்தார்) போனஸ்களை விட்டுவிட்டோம். சண்டைகளில் பாதி அதிலிருந்துதான் வரும்.

அடுத்தது விலை. ஆளுக்கு மொத்தம் 100 கிரெடிட், அதாவது கற்பனைக் காசு; அதற்குள் 11 பேரை வாங்க வேண்டும். ஏல விலையையே கிரெடிட்டாக மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் ஏலத்தில் ஒரு ஆளுக்குக் கொடுக்கும் காசு என்பது கேப்டன் பொறுப்பு, கீப்பிங், இந்திய வீரர் என்ற இடம், இரண்டு முதலாளிகளின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்த தொகை. ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். அந்த சீசனில் அவர் எடுத்தது 269 ரன், அதிலும் 118 கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. சாய் சுதர்சனை குஜராத் 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. அவர் 759 ரன் அடித்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். ஏல விலையில் லீக் நடத்தியிருந்தால் எல்லா டீமிலும் சாய் இருந்திருப்பார், ஆட்டமே சப்பென்று போயிருக்கும். அதனால் முந்தைய இரண்டு சீசன்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்று பார்த்து 6 முதல் 12 கிரெடிட் வரை விலை வைத்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே சூத்திரத்தில் விலை மாறும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஷீட்டைக் கூகுள் ஷீட்ஸில் போட்டேன். ஒரு தாளில் வீரர்கள், ஒரு தாளில் ஆட்டங்கள், ஒரு தாளில் ஸ்கோர்கார்டு வரிகள், ஒரு தாளில் ஒவ்வொருவரின் டீம். ஸ்கோர்கார்டில் ஒரு வீரருக்கு ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. புள்ளியைக் கூட்டுவதற்கு, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் ஒன்றே போதும். இதில் நேரத்தைத் தின்றது கணக்கு இல்லை, பெயர்கள். வருண் சக்கரவர்த்தியின் பெயரை ஒரு தளம் ஒரு எழுத்துக்கூட்டலில் போடும், இன்னொன்று வேறு மாதிரி. சுதர்சனுக்கு ஒரு இடத்தில் முன்னெழுத்து உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை. பெயரை வைத்துத் தேடினால் பாதிப் பேருக்குப் புள்ளி ஏறாது, ஏறவில்லை என்பதும் தெரியாது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர்களின் எல்லா வடிவங்களையும் அந்த எண்ணோடு இணைக்கும் தனிப் பட்டியல் ஒன்று வைத்த பிறகுதான் நிம்மதி. பொருந்தாத பெயர் வந்தால் கட்டம் சிவப்பாகும்படி வைத்தேன். இப்படி ஒன்று செய்யப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

சரி, டீம் போடும் கதைக்கு வருகிறேன்.

பத்து அணிகள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டு ஆட்டம் வரும் வாரத்தில் 9 ஆட்டம். ஆட்டத்துக்கு இரண்டு அணி, ஆக 18 இடம். எல்லாரும் இரண்டு முறை ஆட 20 வேண்டும். அப்படியானால் யாரோ ஒரு முறைதான் ஆடுவார்கள், சில வாரம் யாருக்கோ மூன்று கிடைக்கும். ஆகவே ஷீட்டில் நான் பார்க்கும் முதல் பத்தி வீரரின் பெயரோ ஃபார்மோ இல்லை, அவருடைய அணிக்கு இந்த வாரம் எத்தனை ஆட்டம் என்பதுதான். வார டீமில் நாம் வாங்குவது வாய்ப்புகளை. எத்தனை ஆட்டம், அதில் எத்தனை பந்து ஆடுவார், எத்தனை ஓவர் போடுவார் என்பதுதான் சரக்கு. திறமை அதற்கப்புறம்.

இரண்டாவது பத்தி, ஆடுவாரா என்பது. 0 முதல் 1 வரை ஒரு எண். நிச்சயம் ஆடுபவருக்கு 1, காயத்திலிருந்து திரும்புபவருக்கு 0.5, பிளேயிங் லெவனில் வெளிநாட்டு வீரர்களுக்கு உள்ள நாலு இடத்துக்கு ஐந்தாவதாக வரிசையில் நிற்பவருக்கு 0.3. இது என் கணிப்புதான். ஆனால் மனசுக்குள் வைத்திருப்பதை எண்ணாக எழுதினாலே பாதி மயக்கம் தீர்ந்துவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு மாற்று வீரர் ஒருவரை இறக்க விடும் இம்பாக்ட் பிளேயர் விதி 2023-ல் வந்ததிலிருந்து இது இன்னும் குழப்பம். ரோஹித் சர்மா 2025 சீசனில் பல ஆட்டங்களில் பட்டியலில் மாற்று வீரராக இருந்து பேட்டிங்குக்கு மட்டும் வந்தார். பிளேயிங் லெவனில் பெயர் இல்லையே என்று அவரை 'ஆடாதவர்' என்று எண்ணிவிடக் கூடாது. அதே சமயம் ஃபீல்டிங்கில் இல்லாததால் கேட்ச் புள்ளியும் வராது.

மூன்றாவது, வரிசை. ஓப்பனருக்கு 120 பந்தும் காத்திருக்கிறது. ஆறாவது ஆளுக்குச் சில நாள் நாலு பந்து, சில நாள் ஒன்றுமே இல்லை. இதைச் சொன்னால் மதுரை சித்தப்பாவுக்குக் கோபம் வரும். அவர் டீமில் தோனி இல்லாத வாரம் கிடையாது. "தோனி இல்லாத டீம் என்னடா டீம்?" என்பார். மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் தோற்ற ஆட்டத்தில் தோனி ஒன்பதாவதாக இறங்கினார். 16 பந்தில் 30 ரன், அதுவும் அவுட்டாகாமல். நன்றாகத்தான் ஆடினார், ஆனால் ஆட்டம் முடிந்துபோன பிறகு. ஃபேண்டஸி கணக்கில் அந்த இடத்தில் இறங்கும் ஆளுக்கு விலை கொடுப்பது, பூட்டிய கடையின் வாசலில் வரிசையில் நிற்பது மாதிரி.

இவற்றோடு, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி வரும் என்ற மதிப்பீடு. கடைசி இரண்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ஆள் ஆகாயத்தில் இருப்பார் அல்லது பாதாளத்தில் இருப்பார். அதனால் பழைய சராசரியை ஆறு ஆட்டத்துக்குச் சமமாக வைத்து, இந்த சீசனை அதோடு சேர்க்கிறேன். பழைய சராசரி 30 இருக்கும் ஒருவர் முதல் இரண்டு ஆட்டத்தில் 100, 80 எடுத்தார் என்றால், 6 × 30 = 180, அதோடு 180, மொத்தம் 360; எட்டால் வகுத்தால் 45. 90 என்று துள்ளவும் வேண்டாம், 30 என்று உட்காரவும் வேண்டாம். சீசன் ஓட ஓட, புதுக் கணக்கின் எடை தானாகக் கூடிவிடும். பழைய சராசரியே இல்லாத புதுப் பையன்களுக்கு, அதே இடத்தில் இறங்குபவர்களின் பொதுச் சராசரி. பிரியான்ஷ் ஆர்யா மாதிரி ஒருவர் வந்து 42 பந்தில் 103 அடிக்கும்போது இந்த முறை கொஞ்சம் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும். அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்தது என்று பார்க்க ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான வாரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 9 ஆட்டம். பஞ்சாபுக்கு மூன்று: 15-ம் தேதி கொல்கத்தாவோடு, 18-ம் தேதி பெங்களூரோடு, 20-ம் தேதி மீண்டும் பெங்களூரோடு. கொல்கத்தா, ஹைதராபாத், குஜராத் மூன்றுக்கும் தலா ஒன்று. மற்ற ஆறு அணிகளுக்கும் இரண்டு. ஒரே அணியிலிருந்து நாலு பேருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த நாலு இடத்தையும் பஞ்சாபுக்குக் கொடுப்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எந்த நாலு பேர் என்பதுதான் கேள்வி.

குழுவில் பெரும்பாலோர் பஞ்சாபின் ஸ்பின்னர் சாஹலை ஒதுக்கியிருந்தார்கள். காரணம் புரிகிறது. ஏப்ரல் 12-ல் ஹைதராபாத்தின் அபிஷேக் சர்மா 141 அடித்து 246 இலக்கை விரட்டிப் பிடித்த ஆட்டத்தில் சாஹல் 4 ஓவரில் 56 ரன் கொடுத்திருந்தார். ஆனால் ஷீட்டுக்கு அந்த ஒரு ராத்திரி பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஐபிஎல் வரலாற்றிலேயே அதிக விக்கெட் எடுத்தவர், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறக்குறைய நாலு ஓவர் நிச்சயம், ஆட்டம் மூன்று. அவர் இரண்டாவது இடத்தில் நின்றார். முதலிடம் ஷ்ரேயஸ் ஐயருக்கு. அவரும் அதே ஹைதராபாத் ஆட்டத்தில் 82 எடுத்திருந்தார்.

நடந்தது என்னவென்றால், 15-ம் தேதி பஞ்சாப் 111-க்குச் சுருண்டது. கொல்கத்தா 95-க்குச் சுருண்டது. ஐபிஎல்லில் அதுவரை இவ்வளவு குறைந்த ஸ்கோரை யாரும் காத்ததில்லை. சாஹல் 28 ரன்னுக்கு 4 விக்கெட், யான்சன் 17 ரன்னுக்கு 3. பெங்களூரில் மழையால் 14 ஓவராகக் குறுகிய ஆட்டத்தில் சாஹலுக்கு மேலும் 2, யான்சனுக்கும் 2. ஞாயிறன்று சாஹலுக்கு ஒன்று. ஆக சாஹல் 7 விக்கெட், வெறும் விக்கெட்டுக்கே 175 புள்ளி. ஷ்ரேயஸ் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து 20 ரன்னைத் தொடவில்லை, அவரை என் டீமுக்குக் கேப்டனாக்கி இரண்டு மடங்கு வாங்கியும் பிரயோஜனமில்லை.

இதிலிருந்துதான் கேப்டன் பத்தியை மாற்றினேன். மதிப்பீடு சமமாக இருந்தாலும் பேட்ஸ்மேனும் பவுலரும் ஒன்றில்லை. பேட்ஸ்மேனுக்கு ஒரு நல்ல பந்து வந்தால் அன்றைய கதை முடிந்தது. பவுலர் சிக்ஸர் வாங்கினாலும் அடுத்த பந்தைப் போடத்தான் போகிறார். 24 பந்து அவருக்கு எழுதி வைத்த சொத்து. மூன்று ஆட்டம் உள்ள வாரத்தில் நாலு ஓவர் முழுசாகப் போடுபவரே கேப்டன். இரண்டு ஆட்டம் மட்டும் என்றால், ஓப்பனர் அல்லது பந்தும் போடும் பேட்ஸ்மேன். அந்த வாரம் ராஜஸ்தானின் ஜெய்ஸ்வால் இரண்டு ஆட்டத்தில் 51, 74. மும்பையின் சூரியகுமார் 26, பிறகு அவுட்டாகாமல் 68. சூரியகுமாரை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கேப்டனாக யோசித்தேன். சீசன் முடிவில் பார்த்தால் 16 இன்னிங்ஸிலும் 25-க்குக் குறையாமல் எடுத்திருக்கிறார், மொத்தம் 717. வாரக் கணக்கில் ஆடுபவருக்கு இப்படிப்பட்ட ஆள் தங்கம். ஒரு நாள் போட்டுத் தாக்கிவிட்டு மூன்று நாள் காணாமல் போகிறவரை ஒற்றை ஆட்ட டீமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆட்டம் உள்ள அணியை மொத்தமாகத் தள்ளிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. அதே வாரம் குஜராத்தின் ஒரே ஆட்டத்தில் பட்லர் 97 அவுட்டில்லை, பிரசித் கிருஷ்ணா 4 விக்கெட். ஆனால் அதை முன்கூட்டி யார் கண்டார்? ஒரே ஆட்டம் உள்ளவர் உங்கள் டீமுக்குள் வர வேண்டுமானால், இரண்டு ஆட்டம் உள்ளவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நல்லவராக இருக்க வேண்டும். அப்படி இருப்பவர்கள் லீக் முழுவதும் கைவிரல் எண்ணிக்கைதான்.

அப்புறம் சித்தப்பா. அந்த வாரத்தின் முதல் ஆட்டம், ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று லக்னோவில். சென்னை வரிசையாக ஐந்து தோல்விகளோடு வந்திருந்தது. தோனி ஒரு கேட்ச், ஒரு ஸ்டம்பிங், தூரத்திலிருந்து தூக்கிப் போட்டு மறுமுனை ஸ்டம்பில் நேராக விழுந்த ஒரு ரன் அவுட், அதன் மேல் 11 பந்தில் 26 ரன். ஆட்ட நாயகனும் அவரே. எங்கள் கணக்கில் பவுண்டரிகளைச் சேர்க்காமலே 8, 12, 12, 26 என்று 58 புள்ளி. அன்றிரவு சித்தப்பா அனுப்பிய குரல் செய்தியை இங்கே எழுத முடியாது. ஒரு கீப்பரின் புள்ளி பேட்டிங்கில் மட்டும் இல்லை என்பது உண்மைதான். கீப்பருக்கு மட்டும் ஆட்டத்துக்கு எத்தனை கேட்ச், ஸ்டம்பிங் என்று தனி மதிப்பீடு வைத்தேன். அதற்கப்புறமும் தோனி பட்டியலில் மேலே வரவில்லை, அதைச் சித்தப்பாவிடம் சொல்லவும் இல்லை.

மைதானத்துக்கு ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறேன், ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறவும் விடுவதில்லை, இறங்கவும் விடுவதில்லை. சேப்பாக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பின்னர் என்று எல்லாரும் போடுவார்கள். சீசன் தொடக்கத்தில் நூர் அகமது மும்பைக்கு எதிராக 18 ரன்னுக்கு 4 எடுத்தார், சரி. கொல்கத்தா வந்தபோது நரைன் 13 ரன்னுக்கு 3 எடுத்து, 18 பந்தில் 44-ம் அடித்தார், அதுவும் சரி. ஆனால் அதே மைதானத்தில் பெங்களூரின் ஹேசல்வுட் 21 ரன்னுக்கு 3, ஹைதராபாத்தின் ஹர்ஷல் படேல் 28 ரன்னுக்கு 4. பிட்ச் அறிக்கையைவிட அந்த பவுலர் எந்த ஓவரைப் போடுகிறார் என்பதுதான் எனக்கு உதவுகிறது. கடைசி நாலு ஓவரில் எல்லாரும் தூக்கி அடிப்பார்கள், அங்கே பந்து போடுபவருக்கு ரன்னும் போகும், விக்கெட்டும் விழும். எங்கள் கணக்கில் எகானமிக்குத் தண்டனை இல்லை என்பதால் டெத் ஓவர் பவுலர்கள் லாபம்.

கையால் டீம் சேர்ப்பதில் ஒரு தொல்லை, 100 கிரெடிட்டுக்குள் அடக்குவது. ஒருவரை மாற்றினால் மூன்று பேர் மாற வேண்டும். அதற்கு லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இருக்கும் சால்வரைப் பயன்படுத்துகிறேன், நாம் சொல்லும் நிபந்தனைகளுக்குள் சிறந்த சேர்க்கையைத் தேடித் தரும் கருவி அது. இலவசம். ஷீட்டை இறக்கி, ஒவ்வொரு வீரருக்கும் எதிரே 0 அல்லது 1 வரும் ஒரு பத்தி. அதன் கூட்டல் 11, விலையோடு பெருக்கிக் கூட்டினால் 100-க்குள், கீப்பர் குறைந்தது ஒருவர், பவுலர் குறைந்தது மூன்று, அணிக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. கேப்டனுக்கு இன்னொரு 0–1 பத்தி. அதன் கூட்டல் 1, டீமில் இல்லாதவர் கேப்டன் ஆகக் கூடாது. மொத்த மதிப்பீட்டை அதிகமாக்கு என்று சொல்லிவிட்டால் அது ஒரு டீமைக் கொடுக்கும். ஸ்க்வாடில் உள்ள எல்லாரையும் போடாமல், அணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் என்று சுருக்கிக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். அது கொடுத்த டீமை அப்படியே எடுப்பதில்லை. ஒரே ஆட்டத்தில் என் பவுலரும் என் ஓப்பனரும் எதிரெதிரே நின்றால் எனக்குப் பிடிக்காது, ஒருவரை மாற்றிவிடுவேன். கணக்குப்படி அது தேவையில்லை. ஆனால் ஆட்டம் பார்க்கும்போது யாருக்குக் கைதட்டுவது?

மே மாதம் எல்லாத் திட்டத்தையும் புரட்டிப் போட்டது. 8-ம் தேதி தரம்சாலாவில் பஞ்சாப், டெல்லி ஆட்டம் பாதியில் நின்றது. மறுநாள் ஐபிஎல்லையே நிறுத்திவைத்தார்கள். நின்றபோது பஞ்சாப் 10.1 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 122, ஆர்யா 70, பிரப்சிம்ரன் 50. இந்தப் புள்ளிகள் சேருமா சேராதா என்று குழுவில் இரண்டு நாள் விவாதம். அந்த ஆட்டத்தை முதல் பந்திலிருந்து மறுபடி ஆடுவது என்று முடிவானதும் புள்ளியை அழித்தேன். 17-ம் தேதி மறுபடி தொடங்கிய முதல் ஆட்டமே பெங்களூரில் ஒரு பந்துகூட போடாமல் மழையில் போனது. கோலியை கேப்டனாக வைத்தவர்கள் மழைக்குப் புள்ளி கேட்டார்கள். ஸ்டார்க் மாதிரி சிலர் திரும்பி வரவேயில்லை. பெங்களூரின் அடுத்த சொந்த மைதான ஆட்டம் லக்னோவுக்கு மாறியது. 'ஆடுவாரா' பத்தியைத் தினமும் திருத்த வேண்டியிருந்தது. அப்போதுதான் இங்கிலாந்தின் கால்பந்து ஃபேண்டஸியில் இருப்பதுபோல பெஞ்ச் வைத்தோம். இரண்டு பேர், முன்கூட்டிச் சொன்ன வரிசையில். டீமில் ஒருவர் வாரம் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடாவிட்டால் மட்டும் பெஞ்ச் ஆள் உள்ளே வருவார். மழைக்கு நஷ்டஈடு இல்லை.

அடுத்த சீசனுக்கு ஷீட்டைத் தயார் செய்யும்போது ஒரு கட்டமைப்பு வேலை மிச்சம் இருந்தது. வீரரின் அணியை வீரர் தாளில்தான் வைத்திருந்தேன். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கும், ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும் மாறினார்கள். அணியை அங்கே திருத்தினால் பழைய ஆட்டங்களிலும் ஜடேஜா ராஜஸ்தான்காரராக மாறிவிடுவார், நாலு பேர் விதியைச் சரிபார்க்கும் கட்டங்கள் எல்லாம் சிவக்கும். அதனால் அணிப் பத்தியை ஸ்கோர்கார்டு வரிக்கே நகர்த்தினேன். வீரர் தாளில் இப்போது எண், பெயர், வேலை, விலை மட்டும்தான் இருக்கிறது. டிசம்பர் ஏலத்தில் வந்த புது ஆட்களுக்கு எண் கொடுத்தாயிற்று. பெயர்களின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் சேர்க்கும் வேலை பாக்கி.